கல், ரப்பர், பஞ்சு

கதவைச் சட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டால் போதும், மிச்சத்தை அதுவே இழுத்து மூடிக்கொள்கிறது. சத்தமே இல்லை. இந்தக் காரில் சண்டை போட்டுக்கொண்டு இறங்குகிறவன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகக்கூட வழியில்லை. இதை எழுத வேண்டும், வாசகர்களுக்குப் பிடிக்கும், குறிப்பு நோட்டு மடியில்தான் இருக்கிறது, ஆனால் கை போகவில்லை. வெளியே ரேஸ் டிராக்கின் காங்கிரீட் பதினொரு மணி வெயிலில் வெள்ளையாக எரிகிறது. உள்ளே சீட்டு முதுகுக்குக் குளிர்காற்று ஊதுகிறது, இடுப்புக்கு மேலே ஏதோ ஒன்று உருண்டு உருண்டு பிடித்துவிடுகிறது, நான் கேட்கவே இல்லை, எனக்கு முன்னால் உட்கார்ந்தவன் யாரோ போட்டுவிட்டுப் போயிருக்கிறான், எதை அமுக்கினால் நிற்கும் என்று தேடத் தெம்பில்லை. எதிரே இருபது அடி தள்ளி மஞ்சள் கார். அதற்குள் என்னோடு பத்திரிகையில் வேலை பார்க்கிற ஜெசிந்தா குனிந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருக்கிறாள். பத்து நிமிடத்துக்கு முன்னால் அந்த சீட்டில் இருந்தவன் நான். ஆறு ரவுண்டு ஓட்டிவிட்டு இறங்கினேன், ஹெல்மெட்டைக் கழற்றினேன், அவள் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். கல். அவள் தலையாட்டினாள். கம்மல் இரண்டையும் கழற்றிக் கைபேசியோடு சேர்த்து என் கையில் கொடுத்தாள், ஹெல்மெட் போட்டால் காதைக் கடிக்கிறதாம், வழக்கமாகக் கொடுப்பதுதான். நான் உட்கார்ந்திருக்கிற இந்தக் கறுப்புக் காரின் நடுப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். மஞ்சள் கார் உறுமுகிறது என்பதைப் புகைக்குழாயின் நடுக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன், சத்தம் இந்தக் கண்ணாடியைத் தாண்டி வரவில்லை. போய்விட்டாள். கல் என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானா.

சரியாகத்தான் இருக்கும். ஆறு ரவுண்டும் நின்றதல்லவா, நிற்காமலா இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். கட்டுரையை நினை, தயாளா. பத்திரிகை ஆசிரியர் தலைப்பை முன்பே வைத்துவிட்டார், ஸ்போர்ட்ஸ் காரா, சொகுசு செடானா, எது ராஜா. அவருக்கு எல்லாவற்றிலும் ஒரு ராஜா வேண்டும். மஞ்சளுக்கு ஐந்நூறு குதிரைத்திறன், இரண்டே இரண்டு சீட்டு, தரையை ஒட்டின வயிறு, வேகத்தடையைக் கண்டால் குலை நடுக்கம். கறுப்புக்கு அறுநூறு குதிரைத்திறன், நான்கு கதவு, இரண்டு டன் எடை, பின்சீட்டில் கால் நீட்டிப் படுக்கலாம். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு அது மூன்றே முக்கால் வினாடி, இது நான்கு வினாடி. கால் வினாடி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு எட்டுப் பக்கம் எழுத வேண்டும். வாங்குகிறவர்கள் எங்கள் பத்திரிகையைப் படிப்பதில்லை, படிக்கிறவர்களால் வாங்க முடியாது, ஆனாலும் திண்டுக்கல்லிலிருந்தும் ஆரணியிலிருந்தும் கடிதம் போடுகிறார்கள், இரண்டில் எது நல்ல கார், தயாளன் சார் மட்டும் சொன்னால் போதும். நான் என்ன சொல்ல. கறுப்பை வாங்குகிறவன் அதை ஓட்ட மாட்டான், பின்னால் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பான், அந்த அறுநூறு குதிரையும் யாரோ ஒரு டிரைவர் காலுக்குக் கீழே சம்பளத்துக்குக் கட்டுண்டு கிடக்கும். மஞ்சளை வாங்குகிறவன் தானேதான் ஓட்ட வேண்டும், டிரைவருக்கு அதில் இடம் கிடையாது. ஆனால் உண்மையான வித்தியாசம் அதுவும் இல்லை. மஞ்சள் எல்லாவற்றையும் சொல்லும். ரோட்டில் கிடக்கிற ஜல்லி, தார் ஒட்டுப் போட்ட இடம், பின்டயர் வழுக்கப் போகிறது என்ற செய்தி, எல்லாம் ஸ்டீயரிங் வழியாக உள்ளங்கைக்கும் பெடல் வழியாக உள்ளங்காலுக்கும் வந்துகொண்டே இருக்கும், ஓயாமல் பேசுகிற பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. கறுப்பு எதையும் சொல்லாது. நூற்றெண்பதில் போனாலும் அறுபது என்று நினைத்துக்கொண்டிருப்போம். கெட்ட செய்தி எதையும் உள்ளே விடுவதில்லை என்று சத்தியம் செய்து கட்டிய கார். ஒரு காலத்தில் இதைக் குறை என்று எழுதுவேன். எதையும் உணராமல் இவ்வளவு வேகத்தில் போவது மரியாதையில்லை என்று எழுதினேன், எந்த வருஷம் அது. எங்கள் ஆசிரியர் எல்லோரிடமும் சொல்லுவார், தயாளனுக்குக் காது காலில் இருக்கிறது என்று. பெருமையாக இருக்கும். அந்தக் காது போய்விட்டது.

இதோ வருகிறாள். நேர்பாதையின் தொடக்கத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி, அடுத்த கணம் என்னைத் தாண்டியாகிவிட்டது, கண்ணாடிக்குள் ஒரு சின்ன அதிர்வு மட்டும். நேர்பாதை முடிகிற இடத்தில் முந்நூறு, இருநூறு, நூற்றைம்பது, நூறு என்று மீட்டர் கணக்குப் பலகைகள் நட்டிருக்கிறார்கள், வளைவுக்கு அவ்வளவு தூரம் இருக்கிறது என்று அர்த்தம். நூறு பலகையில் பின்விளக்குச் சிவந்தது. மூக்குக் குனிந்தது. திரும்பிவிட்டாள். பார், நன்றாகத்தானே இருக்கிறது. முதல் ரவுண்டு முடிந்தது. இன்னும் ஐந்து, ரவுண்டுக்கு இரண்டு நிமிடம், பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன், என் மனைவி மங்கை வாசலில் நின்று என் காலையே பார்க்கிறாள். ஒரு செருப்பு எங்கே என்றாள். இடது காலில் இருந்தது, வலது காலில் இல்லை. எங்கே கழன்றது, தெரியாது. எத்தனை தூரம் வெறுங்காலோடு நடந்தேன், தெரியாது. திரும்பிப் போய்ப் பார்த்தால் இரண்டு தெரு தள்ளி, மாவு மில் வாசலில், சமர்த்தாகக் கிடந்தது. நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. அவள்தான் டாக்டரிடம் கூட்டிப்போனாள், டாக்டரம்மா சின்ன வயசு, கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றாள், ஒரு நைலான் நரம்பால் உள்ளங்காலில் அங்கங்கே தொடுவேன், தொடும்போதெல்லாம் தெரியுது என்று சொல்லுங்கள். மூடிக்கொண்டேன். தெரியுது என்றேன். கொஞ்சம் விட்டு இன்னொரு முறை, தெரியுது. நான் இன்னும் தொடவே இல்லை சார் என்றாள். அந்தக் குரலில் கோபம் இல்லை, அதுதான் வெட்கமாக இருந்தது. இருபது வருஷத்துச் சர்க்கரை, நரம்பு கீழிருந்து செத்துக்கொண்டே வருகிறதாம், போனது வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். என்ன வேலை பார்க்கறீங்க என்று கேட்டாள். பத்திரிகையில் எழுதுகிறேன் என்றேன். பொய்யில்லை. உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே, நல்லது என்று எழுதிக்கொண்டாள். மங்கை பக்கத்தில் நாற்காலியில் இருந்தாள், என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் சாக்ஸ் போடுவதற்கு முன்னால் என் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்க்கிறாள், புண் இருக்கிறதா, வெட்டு இருக்கிறதா. ஒரு நாள் குதிகாலிலிருந்து காகிதம் குத்துகிற ஆணி ஒன்றைப் பிடுங்கினாள், தலைவரை முழுக்க உள்ளே இறங்கியிருந்தது, எப்போது ஏறியது என்று எனக்குத் தெரியாது. அதை என் முன்னால் மேஜையில் வைத்துவிட்டு, ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா என்றாள். சொல்கிறேன் என்றேன். ஆணி நாலு நாள் மேஜையிலேயே இருந்தது. அப்புறம் அவளே எடுத்துப் போட்டுவிட்டாள், கேட்பதையும் விட்டுவிட்டாள். கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம்.

என்ன செய்வது, வேலையை விட முடியுமா, விட்டால் நான் யார். எழுதுகிறவர்கள் பத்து ரூபாய்க்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள், ஓட்டிப் பார்த்து எழுதுகிறவன்தான் கிடைக்க மாட்டான். ஆகவே பழகிக்கொண்டேன். உட்கார்ந்ததும் குனிந்து கால் எந்தப் பெடலில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்வது. மிதித்தால் எவ்வளவு மிதித்தேன் என்பதைப் பெல்ட் நெஞ்சை இழுக்கிற இழுப்பில் கண்டுபிடிப்பது. வயிறு முன்னால் தள்ளுவதில் பாதி தெரியும், மீட்டரில் எண் இறங்குகிற வேகத்தில் மீதி. எட்டு மாதமாக ஒன்பது கார் எழுதியிருக்கிறேன், ஒரு கடிதம்கூடத் தப்பு என்று வரவில்லை. பிரேக் பெடலின் உணர்வு பற்றி ஒவ்வொன்றிலும் ஒரு பத்தி இருக்கும், என் பத்தி அது, மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் எழுதப் பழகினார்கள். பழைய வாக்கியங்களையே மாற்றி மாற்றிப் போட்டேன். ஆனால் இங்கே, இந்த டிராக்கில், அப்படிச் செய்ய முடியாது, ஏனென்றால் இங்கே அந்த வார்த்தை இருக்கிறது. அதைக் கொண்டுவந்ததே நான்தான். ஒப்பீட்டுக்கு இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவோம், இரண்டு பேரும் மதிப்பெண் எழுதி முடிக்கிறவரை காரைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, ஒருவர் கருத்து மற்றவர் மேல் ஒட்டிக்கொள்ளும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அப்படி வாயை மூடிக்கொண்டு ஒருவன் இறங்கினான், நான் ஏறினேன், அவனுக்குப் பெடல் தொய்ந்துபோனது தெரியும், விதியென்று சொல்லாமல் விட்டான், நான் டயர் அடுக்கிய சுவரில் போய் மோதிக் கழுத்தெலும்பு ஒடிந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே ஆசிரியரிடம் சொன்னேன், எதைப் பற்றியும் பேச வேண்டாம், பிரேக்கைப் பற்றி மட்டும் இறங்குகிறவன் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கல் என்றால் உறுதி, பயப்படாமல் அடி. ரப்பர் என்றால் கொஞ்சம் முன்னாலேயே மிதி. பஞ்சு என்றால் ஏறாதே. மூன்றே வார்த்தை. மழையோ வெயிலோ, பேச்சுவார்த்தை இல்லாத மனஸ்தாபமோ, அதைச் சொல்லாமல் யாரும் சாவியைக் கொடுத்ததில்லை.

முழங்கால். அதைத்தான் இவ்வளவு நேரமாக நினைக்காமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். ஆறாவது ரவுண்டின் கடைசி வளைவில் முழங்கால் நிமிர்ந்தது. வழக்கமாக மடங்கியே இருக்கும், அந்த வளைவில் ஏறத்தாழ நேராகிவிட்டது. பாதத்துக்குத் தெரியாது, ஆனால் முழங்கால் இன்னும் என்னுடையதுதான், அதற்குத் தெரியும். சீட்டு பின்னால் நழுவியிருக்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா, இல்லை இப்போது அப்படி நினைத்ததாக நினைக்கிறேனா. பெல்ட் இழுத்தது, ஆனால் ஒரு நொடி பிந்தி இழுத்தது. பிந்தியா இழுத்தது. பெடல் ஆழமாக இறங்கினால் முழங்கால் நிமிரும். பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் ஆழமாக இறங்கும். இறங்கி நின்று பத்து நிமிடம் ஆறினால் கொஞ்சம் கெட்டியாகிவிடும், முதல் ரவுண்டு ஏமாற்றும், சூடு ஏற ஏற மறுபடி. இதை நானே எழுதியிருக்கிறேன், படம் போட்டு எழுதியிருக்கிறேன். இரண்டாவது ரவுண்டு முடித்துத் தாண்டுகிறாள், மஞ்சள், அதிர்வு, பலகைகள், நூறில் சிவப்பு. சரி. நூறில்தான். பார்த்தேனே.

கைபேசி நடுங்குகிறது, நடுப்பெட்டியில், அவளுடையது. திரையில் வீடு என்று வருகிறது. கம்மல் இரண்டும் அதோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஆடுகின்றன. எடுத்து என்ன சொல்ல, ஓட்டிக்கொண்டிருக்கிறாள், அப்புறம் பேசுவாள். அப்புறம் பேசுவாள் என்று சொல்ல எனக்கு என்ன துணிச்சல். தூத்துக்குடிக்காரி, முப்பத்தெட்டு வயசு, ராலிப் பந்தயத்தில் எட்டு வருஷம் மண்ணைத் தின்றவள், ஒரு பெண் குழந்தை ஆறாம் வகுப்பு, புருஷன் கப்பலில். எங்கள் ஆபீஸில் என்னை அண்ணே என்று கூப்பிடுகிற ஒரே ஆள். இரண்டு மாதத்துக்கு முன்னால் கேட்டாள், ஏன் அண்ணே வண்டி எடுக்கும்போது இப்போதெல்லாம் குனிந்து காலைப் பார்க்கிறீர்கள் என்று. புது ஷூ என்றேன். நல்ல ஷூ என்றாள். கைபேசி அடிப்பது நின்றுவிட்டது. கண்ணாடியை இறக்குகிற பொத்தான் என் இடது கட்டைவிரலுக்கு ஒரு அங்குலம் தள்ளி இருக்கிறது, இல்லை, வலது, கதவில், என்ன உளறுகிறேன். அதை அமுக்கினால் கண்ணாடி இறங்கும். வெளியே சுவரோரமாக வரதன் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார், டிராக்கைப் பார்த்துக்கொள்கிறவர், கக்கத்தில் சுருட்டிய கொடிகள். சிவப்புக் கொடி காட்டுங்க வரதன் என்றால் காட்டிவிடுவார், ஏன் என்றுகூடக் கேட்க மாட்டார். அவள் கேட்பாள். உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, கல்லுன்னீங்களே அண்ணே என்பாள். சந்தேகமாக இருந்தது என்று சொல்லலாம். பதினொரு வருஷத்தில் நான் சந்தேகம் என்று சொன்னதில்லை. பெடலைப் பற்றிச் சந்தேகப்படுகிற தயாளனைப் பார்த்ததும் அவளுக்குக் குனிந்து பார்ப்பது ஞாபகம் வரும், புது ஷூ ஞாபகம் வரும், கூட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் அவளுக்கு. ஆகட்டுமே. ஆகட்டும் என்று நினைக்கிறேன், விரல் நகரவில்லை. விரலுக்கு உணர்வு நன்றாக இருக்கிறது. கதவுத் தோலுறையின் தையல்கூட விரலுக்குத் தெரிகிறது.

ஒன்றும் இல்லாமல் இருந்தால். அதுதானே பெரும்பாலும். ஒன்றும் இல்லாத ஒன்றுக்காகக் கொடியைத் தூக்கச் சொல்லி, காலைக் காட்டிக் கொடுத்து, திங்கட்கிழமையிலிருந்து வாசகர் கடிதம் பகுதியைப் பார்த்துக்கொண்டு, மற்றவன் ஓட்டிவிட்டு வந்து சொல்வதைத் திருத்தி எழுதிக்கொண்டு. அடுத்த ரவுண்டில் பார்ப்போம். நூறில் மிதித்தால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அது நியாயமான கணக்கு. இந்த சீட்டு இன்னும் பிடித்துவிட்டுக்கொண்டே இருக்கிறது. இந்தக் காருக்கு வெளியே என்ன நடந்தாலும் உள்ளே இருக்கிறவனுக்கு இருபத்திரண்டு டிகிரி. வருகிறாள். மூன்றாவது. மஞ்சள், அதிர்வு. முந்நூறு. இருநூறு. சிவப்பு. நூற்றைம்பதிலேயே சிவப்பு, அதுவும் ஒரு முறை இல்லை, விட்டு விட்டு, இரண்டு, மூன்று, நான்கு தடவை. பெடலை அடித்து அடித்து மேலே கொண்டுவருகிறாள். அது தொய்ந்தால்தான் அப்படிச் செய்வார்கள், வேறு எதற்கும் செய்ய மாட்டார்கள். திரும்பிவிட்டாள், கொஞ்சம் அகலமாக, ஆனால் திரும்பிவிட்டாள். இப்போது தெரிந்துவிட்டது. இப்போது எனக்குத் தெரியும். பொத்தான். அமுக்கு. அவளுக்கே தெரிந்துவிட்டதே, என்னைவிட நன்றாக ஓட்டுகிறவள், அவளே மெதுவாக வந்துவிடுவாள், நான் சொல்லி என்ன ஆகப் போகிறது, கொடி அவள் கண்ணில் பட இன்னும் இரண்டு நிமிடம் ஆகும், அதற்குள் அவளே. எவ்வளவு அழகாக வாதாடுகிறேன். இப்படி ஒரு வக்கீல் எனக்குள் இருப்பது தெரியாது. பயமாக இருக்கிறது, அவளுக்காக என்று சொல்ல ஆசை, அவளுக்காகவும்தான், ஆனால் முதலில் வந்தது அது இல்லை.

இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. டாஷ்போர்டில் கடிகாரம் பெரிசாக இருக்கிறது, வெள்ளி முள், கிழவர் நடக்கிற மாதிரி நகர்கிறது. இரண்டு நிமிடம் பத்து வினாடி. மெதுவாக வருகிறாள், அவ்வளவுதான். நேர்பாதையின் தொடக்கத்தில் கானல் மட்டும் ஆடுகிறது. இரண்டு நாற்பது. வரதன் குடையை மடக்குகிறார். எதற்கு மடக்குகிறார். காதில் வாக்கி டாக்கியை வைத்துக்கொண்டு திரும்பி நிற்கிறார், வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை, இந்தக் கண்ணாடி, இந்தப் பாழாய்ப்போன கண்ணாடி. ஐந்தாவது வளைவு இறக்கத்தில் இருக்கிறது, அங்கே சுவர் பக்கத்தில், தப்பிப்போகிற காரைப் பிடித்து நிறுத்தக் கொட்டிய மணலும் குறுகல். எனக்குக் கழுத்தெலும்பு போனது அங்கேதான். அவள் பெண்ணின் பெயர் என்ன, நினைவுக்கு வரவில்லை, போன டிசம்பரில் ஆபீஸுக்கு வந்து என் நாற்காலியில் சுற்றினாளே, பெயர், பெயர். மூன்று நிமிடம். கைபேசி திரும்பவும் அடிக்கிறது. வீடு. மூன்று இருபது. நான் இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கவில்லை, முதுகுக்குக் காற்று ஊதிக்கொண்டிருக்கிறது, உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ஆள் செத்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் உட்கார்ந்திருப்பேன் போல. இதைத் தெரிந்துகொள்ள ஐம்பத்து நாலு வயசு ஆகியிருக்கிறது.

மஞ்சள். நேர்பாதையில் இல்லை, பக்கவாட்டில், உள்ளே வருகிற வழியில், நான்கு விளக்கும் விட்டு விட்டு எரிய, மாட்டு வண்டி வேகத்தில் வருகிறது. அப்போதுதான் கதவைத் திறந்தேன். வெயில் முகத்தில் அடித்தது, எரிந்த பிரேக்கின் நெடியும் கூடவே வந்தது. மஞ்சள் காரின் முன்பக்கத்தில் பாதிவரை மணல், அடியில் எங்கேயோ ஒரு பிளாஸ்டிக் தகடு கிழிந்து தரையில் இழுபட்டது. கை பிரேக்கை இழுத்து நிறுத்தினாள். ஹெல்மெட்டை அவளால் கழற்ற முடியவில்லை, விரல் வார்ப்பூட்டைப் பிடித்துப் பிடித்து நழுவியது, நான் போய்க் கழற்றிவிட்டேன். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. உதட்டைக் கடித்திருக்கிறாள், கொஞ்சம் ரத்தம். உயிரோடு இருந்தாள். அழுதுவிடுவேன் போல இருந்தது, அந்த நிமிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன், ஜெசிந்தா என்றுகூடக் கூப்பிட்டுவிட்டேன்.

“மூணாவது ரவுண்டுலயே பெடல் உள்ள போக ஆரம்பிச்சிட்டுண்ணே” என்றாள். அப்புறம் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள், மெதுவாக உள்ளே வந்துவிடலாம் என்று பார்த்தாளாம், இறக்கத்தில் மிதித்தால் சுத்தமாக ஒன்றுமில்லையாம், கியரைக் குறைத்துக் குறைத்து, சுவருக்கு ஒரு கார் நீளம் இருக்கும்போது மணலில் ஏற்றித் திருப்பிவிட்டாளாம். வரதன் ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டினார், வாங்கி முகத்தில் ஊற்றிக்கொண்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டித் தடுத்தாள், தன்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது என்கிற மாதிரி. அவள் கண்ணில் எனக்குப் பழக்கமான ஒன்று இருந்தது, பத்து நிமிடமாக எனக்குள் இருந்ததுதான், ஆனால் அது அவள் முகத்தில் ஏன் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

“நீங்க ஆறு ரவுண்டு ஓட்டிட்டு கல்லு மாரி குடுத்தீங்க. நான் மூணு ரவுண்டுல கெடுத்துட்டேன்” என்றாள். “ஓவரா அடிச்சுட்டேன்ணே. என் தப்புதான். கம்பெனிக்காரங்க கேட்டா நானே சொல்லிக்கிடுதேன், உங்க பேரு இதுல வராது. மன்னிச்சிருங்கண்ணே.”

வரதன் என்னைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், தண்ணீர் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை, என் தப்பு, நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் தோளில் கையை வைத்தேன்.

பரவாயில்லை விடும்மா என்றேன். இனிமேல் பார்த்து ஓட்டு என்றும் சொன்னேன்.